அடி பாதி என்றால் தண்ணீரும் பாதியா?



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. "வைகை அணை மொத்தம் 71 அடி. இப்போ 35 அடிக்கு மேல இருக்கு. பாதித் தண்ணி இருக்கு, மதுரைக்குக் கவலை இல்லை." அதற்குப் 15 பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள். அதில் 4 பேர் என்னிடமே கணக்குப் படித்தவர்கள்!

அணை என்ன நேராக நிற்கிற டிரம்மா? அடியில் குறுகி மேலே அகன்ற பள்ளம் அது. வீட்டு வாணலியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, டம்ளரால் அளந்து பாருங்கள். முழு வாணலியில் பாதிகூட வராது. வைகையில் அடியில் வண்டல் வேறு படிந்து கிடக்கிறது.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. "ஒன்று கூடினால் மற்றதும் கூடும், ஆகவே நேர் விகிதம்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான். மார்க் வாங்க அது போதும் என்று நினைத்தேன். அது அரைகுறைப் பாடம். கூடினால் மட்டும் போதாது. ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாக வேண்டும்.

வைகைக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 104 அடிக்குக் கீழே போனால் நமக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. உயரம் 104, நமக்குக் கிடைப்பது பூஜ்யம்! இது நேர் விகிதமா?

"136க்கும் 142க்கும் 6 அடிதானே வித்தியாசம், இதுக்கா உச்ச நீதிமன்றம் வரை போகணும்?" என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன். 142இல் 6 அடி நூற்றுக்கு 4தான். ஆனால் நம் பங்கு 104க்கு மேலே உள்ள 38 அடி. அதில் 6 என்றால் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 16. மேலே போகப்போக நீர்ப்பரப்பு அகலும், ஆகவே தண்ணீர் அதைவிடவும் கூடுதல். 2014இல் 142 அடிக்குத் தீர்ப்பு வரும்வரை கம்பம் முதல் மேலூர் கடைமடை வரை விவசாயிகள் ஏன் விடவில்லை என்பது இப்போது புரிகிறதா?

செய்தித்தாளில் அடிக்குப் பக்கத்திலேயே மில்லியன் கன அடியும் போடுகிறார்கள். அதைப் பாருங்கள். "பாதி இருக்கு" என்று அனுப்பும் முன் ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். அப்படியே வீட்டில் சொட்டுகிற குழாயையும் மூடுங்கள்.

கோபம் இருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை போடலாம். காபி உண்டு.

உங்கள் பழைய கணக்கு வாத்தியார்