அரை மாத்திரை

சென்ற மாதம் ஒரு தாயார் என்னைக் காணப் பள்ளிக்கு வந்திருந்தார். அவருடைய மகள் என் வகுப்பில், ஐந்தாம் ஆண்டில் பயில்கிறாள். மாதத்திற்கு இரண்டு மூன்று முறை அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். வந்தால் குமட்டல், வெளிச்சம் ஆகாது, சிறு ஓசையும் பொறுக்காது.

"முடிஞ்சவரைக்கும் பொறுத்துக்கச் சொல்வேன் டீச்சர். ரொம்ப முடியலன்னாதான் பனடோல்ல பாதி உடைச்சுக் கொடுப்பேன். இந்த வயசுலேயே மருந்துக்குப் பழகிடக் கூடாது பாருங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நல்ல தாய் ஒருத்தியின் பெருமிதம் தெரிந்தது.

எனக்குச் சினம் வந்தது. ஆயினும் சினந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு, கணிதச் சோதனை நாளன்று, அதே மாணவி தலையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்தபோது, "சோதனை என்றதும் தலைவலி வந்துவிட்டதோ?" என்று வகுப்பே கேட்கும்படி வினவியவள் நான்தான். அத்தோடு நில்லாமல் நெற்றியில் கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டேன். ஒற்றைத் தலைவலியின்போது கடுமையான நெடி பலருக்கு ஆகாது என்பதை அன்று நான் அறியவில்லை. ஐந்து நிமிடத்தில் அவள் வாந்தியெடுத்தாள்.

தாயின் அரை மாத்திரையும் என் ஏளனமும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். இதை நோய் என்றே நாம் ஒப்புக்கொள்வதில்லை. காய்ச்சல் என்றால் வெப்பமானியைத் தேடுகிறோம். தலைவலி என்றால் மட்டும் "பொறுத்துக்கொள்" என்கிறோம். பொறுமை நற்பண்புதான், மறுக்கவில்லை. ஆனால், இந்த நோய்க்கு அது நஞ்சாகவே முடிகிறது.

ஏனென்று சொல்கிறேன். ஒற்றைத் தலைவலி தாக்கும்போது தலை மட்டும் பாதிக்கப்படுவதில்லை. இரைப்பையின் இயக்கமும் மந்தமாகிவிடுகிறது. அந்நிலையில் விழுங்கிய மாத்திரை குடலுக்குச் செல்லாமல் வயிற்றிலேயே தங்குகிறது. இரத்தத்தில் கலக்கத் தாமதமாகிறது. பல வேளைகளில் வாந்தியோடு வெளியே வந்தும் விடுகிறது. வலி தொடங்கியவுடன் உட்கொள்ளும் மருந்துக்கும், மூன்று மணிநேரம் பல்லைக் கடித்துவிட்டு உட்கொள்ளும் அதே மருந்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பிறகு, "எந்த மருந்தும் கேட்பதில்லை" என்று மருந்தைப் பழிக்கிறோம்.

அடுத்து, அளவு. மெய்யெழுத்துக்கு ஒலிக்கும் காலம் அரை மாத்திரை என்று வகுப்பில் கற்பிக்கிறோம். மெய்யெழுத்துக்கு அது சரி, மெய்க்குப் போதாது! பாராசித்தமோலைச் சிறுவர்களுக்கு உடல் எடையைக் கொண்டே கணக்கிடுகிறார்கள்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அந்த மாணவியின் எடை 40 கிலோ. அப்படியானால் 400 முதல் 600 மில்லிகிராம். பாதி பனடோல் என்பது 250. மருந்துக்குப் பயந்து கொடுத்த பாதி, நோயைத் தொடவே இல்லை. மருந்தாளுநரிடம் எடையைச் சொல்லிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடியும் கணக்கு இது.

சிறுவர்களின் ஒற்றைத் தலைவலிக்கு ஐபுபுரோஃபென் நல்ல பலன் தருகிறது. ஆனால், நம் நாட்டில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. காய்ச்சலோடு வரும் தலைவலியை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து ஐபுபுரோஃபென் கொடுத்துவிடாதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவுக்கு அது வழிவகுக்கும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் கூடாது. திடீரென இடிபோல் தாக்கும் தலைவலி, கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, தலையில் அடிபட்டபின் வரும் வலி ஆகியவற்றுக்கு மாத்திரையைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

"மருந்துக்குப் பழகிவிடும்" என்ற அந்தத் தாயின் அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அந்த அச்சம் கொள்ள வேண்டியவர்கள் அமர்ந்திருக்கும் இடம் வேறு. எங்கள் ஆசிரியர் அறைக்கு வாருங்கள்! எந்த மேசை இழுப்பறையைத் திறந்தாலும் மாத்திரை அட்டை கிடக்கும். காலையில் இரண்டு பனடோல், புறப்பாட நடவடிக்கை முடிந்ததும் ஒரு பொன்ஸ்தான், அதுவும் வெறும் வயிற்றில். பின் கேஸ்திரிக் என்று புலம்பல். சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைத் தாண்டி விழுங்கினால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். எர்கோட்டமின், திரிப்தான் வகைகளுக்கும் பல மருந்து கலந்த மாத்திரைகளுக்கும் இந்த எல்லை 10 நாள். ஆக, எண்ண வேண்டியது நாள்களை. தாக்கும் அன்று முழு அளவை மறுத்துவிட்டு, அரையரையாக வாரம் முழுதும் விழுங்குவது இரட்டைக் கேடு.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். "எனக்கு இது கேட்டது, நீயும் போட்டுப் பார்" என்று மாத்திரையைத் தோழிக்கு நீட்டும் வள்ளல்கள் நம்மிடையே மிகுதி. சுமத்ரிப்தான் முதலிய திரிப்தான்கள் 1990களிலிருந்து பயன்பாட்டில் உள்ளன. இவை பொதுவான வலிநிவாரணிகள் அல்ல. ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவானவை. விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மையும் இவற்றுக்கு உண்டு. எனவே, இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகா. எர்கோட்டமின் எடுத்த 24 மணி நேரத்திற்குள் திரிப்தானைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஏற்பு பெற்ற உப்ரோஜெபன்ட், ரிமெஜெபன்ட் ஆகியவை குழாய்களைச் சுருக்காமலே செயற்படுபவை. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். பக்கத்து மேசை ஆசிரியை அல்லர்.

பிள்ளைகளுக்கு மருந்தே கிடையாது என்போரும் அறிக: ரிசத்ரிப்தானை 6 முதல் 17 வயது வரையிலானோருக்கு அமெரிக்கா 2011லேயே ஏற்றுவிட்டது. குமட்டலை அடக்கவும் தனி மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல், "வெயில்ல ஆடுனா இப்படித்தான்" என்று தீர்ப்பெழுதுவது எவ்வகை அன்பு?

அந்தத் தாயிடம் இவ்வளவையும் கொட்டவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, மகளை மருத்துவரிடம் காட்டிக் கடிதம் வாங்கி வரும்படி வேண்டினேன். எடைக்கேற்ற அளவும் நேரமும் எழுதிய கடிதம் வந்தது. மாத்திரையை அலுவலகத்தில் வைக்க ஏற்பாடாயிற்று. மறுப்புச் சொன்ன சக ஆசிரியர்கள் உண்டு. "நாளைக்கு முப்பது பேரும் தலைவலி என்பார்கள்" என்றார் ஒருவர். இதுவரை வேறு யாரும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை அவள் கையை உயர்த்தினாள். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிவதாகச் சொன்னாள். மணி 8.40. மாத்திரையை விழுங்கிவிட்டு, நூலகத்தின் இருண்ட மூலையில், திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வழக்கமாக அன்று மாலை வரை நீடிக்கும் வலி. 10.45க்குச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போனேன். தோழியோடு சண்டையிட்டபடி மீ கோரேங் தின்றுகொண்டிருந்தாள்.