கைதியும் தெருக்குரலும்: ரெண்டு விதமான கோபம்

2019 அக்டோபர் 25-ம் தேதி பிகிலும் கைதியும் ஒரே நாளில் வந்தன. எங்கள் பக்கத்துப் பசங்க முக்கால்வாசிப் பேர் பிகிலுக்குத்தான் ஓடினாங்க. நான் கைதிக்குப் போனேன். போனது வீண் போகலை.

மாநகரம் எடுத்த லோகேஷ் கனகராஜுக்கு இது ரெண்டாவது படம். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, மொத்தக் கதையும் ஒரே ராத்திரி. பத்து வருஷம் ஜெயிலில் இருந்துட்டு வெளியே வர்ற டில்லி, பிறந்ததிலிருந்து முகமே பார்க்காத மகளைப் பார்க்கக் கிளம்புறான். நடுவுல, மயங்கிக் கிடக்கிற போலீஸ்காரங்களை லாரியில ஏத்திக்கிட்டு ஓட்ட வேண்டிய நிலைமை வந்துடுது.

பட்டணத்துல இருக்குற உங்களுக்கு இது சண்டைப் படம். ராத்திரியில திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு கூடப் போய் வந்த எங்களுக்கு இது லாரிப் படம். பாரம் ஏத்தின வண்டியை இருட்டுல ஓட்டுறவன் பேச மாட்டான். கண்ணு ரோட்டுல இருக்கும், காது பின்னாடி இருக்கும். அந்தப் பழக்கத்தைக் கார்த்தி அப்படியே கொண்டு வந்திருக்கார். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரியாணி வாளின்னு அவர் உட்கார்ந்து சாப்பிடுற காட்சியில, நாள் முழுக்க வேலை செஞ்சவன் பசி தெரியுது.

ஆனா எனக்குப் பிடிச்ச வீரன் டில்லி இல்லை. அன்னைக்குத்தான் மாற்றலாகி வந்த வயசான ஏட்டு நெப்போலியன். ஜார்ஜ் மரியான் நடிச்சிருக்கார். நாலஞ்சு காலேஜ் பசங்களை வச்சுக்கிட்டு ஒரு ஆபீஸையே காப்பாத்துறார். பயம் இருக்கு, ஓடிப்போக வழியும் இருக்கு, ஆனா ஓடலை. இந்த மாதிரி ஆளுங்க எல்லா ஊரிலும் ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க.

குறை என்னன்னா, கடைசியில வர்ற அந்தப் பெரிய துப்பாக்கி. அதுவரைக்கும் ஒரு மனுஷனா இருந்தவன் திடீர்னு சாமியாகிடுறான். தியேட்டரே விசில் அடிச்சுது. வெளியே வந்து வண்டியை எடுத்து, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக் கோபம் எல்லாருக்கும் வடிஞ்சு போச்சு.

கோபம் வடியறதைப் பத்தி எங்கள் ஊர்க்காரங்க பேசலாம். சூரனோட போர் முடிஞ்சு முருகன் சினம் தணிஞ்ச இடம் இதுங்கறதாலதான் தணிகைன்னு பேரு. சஷ்டிக்குத் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடக்கும். இங்கே சஷ்டிக்கு சம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். சாமிக்கே சண்டைக்குப் பிறகு என்னன்னு ஒரு கேள்வி இருந்திருக்கு. நம்ம சண்டைப் படங்களுக்கு அந்தக் கேள்வி வர்றதில்லை.

அதனாலதான் 2019-ல் வந்த தெருக்குரலையும் சேர்த்து எழுதுறேன். அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம். அறிவு நமக்குப் பக்கத்து ஊரு, அரக்கோணத்துப் பிள்ளை. பா. ரஞ்சித் முயற்சியில் 2018 ஜனவரியில் மேடையேறின கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடினவர். கேள்வி கேட்குறவனுக்கெல்லாம் ஆன்டி இந்தியன்னு பட்டம் கொடுக்கிற காலத்துல, அந்தப் பட்டத்தையே ஒரு பாட்டுக்குப் பேரா வச்சிருக்காங்க.

ராப் எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. அறிவு பேசுற வேகத்துக்கு நாற்றுப் பறிக்கிறவங்க கை கூட ஈடு கொடுக்க முடியாது. மூணு தடவை கேட்டாத்தான் வார்த்தை பிடிபடுது. சில இடத்துல தாளம் வார்த்தையை மூடிடுதுன்னும் எனக்குத் தோணுது. ஆனா வார்த்தை பிடிபட்ட பிறகு விடாது.

குறிப்பா கள்ளமௌனி. தெரிஞ்சும் தெரியாத மாதிரி வாயை மூடிக்கிட்டு இருக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பேரு கிடைக்காது. எங்கள் ஊருல ஊரு தனி, காலனி தனி. காலனிப் பசங்க தீபாவளிக்கு ஒலிபெருக்கியில இந்தப் பாட்டைப் போட்டாங்க. "இன்னாத்துக்குப்பா நல்ல நாளும் அதுவுமா சாதிப் பாட்டு?"ன்னு ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "பாட்டுல இருக்கிறது தெருவுலயும் இருக்கே தாத்தா"ன்னு ஒரு பையன் அடக்கமாத்தான் சொன்னான். அதுக்கு மேல பேச்சு முத்தவும் பெட்டியை நிறுத்திட்டாங்க.

என் கருத்து இதுதான்: அந்தப் பையன் சொன்னதுல தப்பில்லை. சாதியைப் பாட்டு கொண்டு வரலை. சுடுகாட்டுக்குத் தனித்தனிப் பாதை போட்டவங்க கொண்டு வந்தாங்க. நம்ம நிலத்துல நடவு நட, களை எடுக்க, அறுவடைக்கு அந்தத் தெரு ஆளுங்க வேணும். அவங்க பிள்ளை பாடினா மட்டும் காது வலிக்குதுன்னா, வலி காதுல இல்லை.

சினிமாவுல ஒருத்தன் நூறு பேரைச் சாய்ச்சா குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்கிறோம். ஒரு பையன் மைக்கைப் பிடிச்சுக் கேள்வி கேட்டா வன்முறைன்னு சொல்றோம். எனக்கு இந்தக் கணக்கு புரியலை. டில்லியோட எதிரி திரையில இருக்கான், அதனால நமக்கு நிம்மதி. அறிவு நேரா நம்மளைப் பார்த்துப் பாடுறார், அதனால நெளியுறோம். தணிகையில தணியணும்னா முதல்ல கோபம் எதுக்குன்னு காது கொடுத்துக் கேட்கணும் இல்லையா?

கைதியைப் பாருங்க. லாரிச் சத்தத்துக்காகவே பார்க்கலாம். தெருக்குரலை ராத்திரி தனியா உட்கார்ந்து கேளுங்க, அவசரப்படாதீங்க. பொங்கலுக்கு மறுபடியும் ஒலிபெருக்கிப் பேச்சு ஊருல வரும். போடச் சொல்லித்தான் நான் பேசப்போறேன்.