கிணற்று நீரை அளந்து படிக்கட்டும்: உயர்தர இரசாயனவியல் கற்பித்தல் பற்றிய எமது நிலைப்பாடு

க.பொ.த. உயர்தர இரசாயனவியலின் சூழல் மாசடைதல் பற்றிய பகுதியை, கோமாரியிலிருந்து கல்முனை வரையுள்ள பாடசாலைகள் இந்தக் கரையின் நீரைக் கொண்டே கற்பிக்க வேண்டும். அளவியைத் திறந்து மூடுவது மாணவரின் கையாக இருக்க வேண்டும். தமிழ், முஸ்லிம் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எமது ஒன்றியம் இதையே வலியுறுத்துகிறது.

பரீட்சையோ முழுக்க எழுத்தில் நடக்கிறது: 50 பல்தேர்வு வினாக்கள், அதன்பின் மூன்று மணிநேர இரண்டாம் தாள். செய்து காட்டுவதற்குப் புள்ளி இல்லாத இடத்தில் செய்முறைதான் முதலில் கைவிடப்படுகிறது. கரைந்த ஒட்சிசனை அளக்கும் வின்க்ளர் முறை பாடத்திட்டத்தில் இருந்தும், பல பிள்ளைகளுக்கு அது டியூசன் குறிப்பிலுள்ள சமன்பாடு மட்டுமே. களப்பில் விடியற்காலையும் பிற்பகலும் ஒவ்வொரு போத்தல் நீர் எடுத்து, அங்கேயே மங்கனீசு வீழ்படிவு கபில நிறமாவதைப் பார்க்கட்டும். பின்னர் தயோசல்பேற்றால் நியமிக்கும்போது, ஒட்சிசன் ஒரு மூலுக்குத் தயோசல்பேற்று நான்கு மூல் என்ற கணக்கு விளங்கும். இரு போத்தல்களும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வியைப் பாசிகளின் ஒளித்தொகுப்பு வரை அவர்களே கொண்டு போவார்கள்.

கிணறுகள் இதைவிடப் பெரிய பாடம். எமது மணற்கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்க அளவுக்கு மீறி நீர் இறைத்தபோது, சில இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலேறியது. கடலோரத்திலிருந்து வயற்பக்கம் வரை வரிசையாக நீர் எடுத்து, பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாக இட்டு, வெள்ளி நைத்திரேற்றால் நியமிக்கலாம். வெண்ணிற வீழ்படிவு முடிந்து செங்கல் நிறம் நிலைக்கும் துளியே முடிவுப்புள்ளி. கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். 250ஐத் தாண்டினாலே நாக்கு உப்பை உணரத் தொடங்கும். இந்த இரு எண்களுக்கும் இடையே தம் வீட்டுக் கிணறு எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் வரைபில் குறிக்கட்டும். மாரி மழைக்கு முன்னொரு தடவையும் பின்னொரு தடவையும் அளந்தால் மழை செய்த மாற்றமும் அதில் விழும்.

நேரம் வீணாகும், பெறுபேறு குறையும் என்ற பெற்றோரின் அச்சத்தை நாம் மதிக்கிறோம். 2014 இல் ஸ்கொட் பிறீமன் குழுவினர் பல்கலைக்கழக மட்டத்தின் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செயலில் ஈடுபட்டுக் கற்றவர்களைவிட, விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தவறும் வாய்ப்பே 1.5 மடங்காக இருந்தது. உயர்தர வகுப்பு அதற்கு முந்திய படி; ஆனாலும் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது.

ஒன்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. குரோமேற்று நஞ்சு. அதன் கழிவையும் வெள்ளிக் கழிவையும் போத்தலில் சேர்த்து வைக்க வேண்டும். நிலத்தடி நீர் ஆழமில்லாத எமது மணலில் ஒரு துளியும் ஊற்றக்கூடாது.

வலயக் கல்வி அலுவலகங்கள் இதற்காக இரு பாடவேளைகளைச் சேர்த்துத் தரவேண்டும். செய்முறைக்குப் பரீட்சையில் புள்ளி வழங்குவதைக் கல்வி அமைச்சு முடிவு செய்யவேண்டும். சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடம் மாணவரின் அளவீடுகளைச் சரிபார்த்து உதவ வேண்டும். ஒரு கிணற்றில் எண் உயர்ந்து வந்தால் பாடசாலை அதை ஊருக்கு அறிவிக்கும் முன், நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் மறுபரிசோதனை செய்து, முடிவை முதலில் அந்த வீட்டாருக்கே சொல்லவேண்டும்.