பத்தொன்பது நாள் அவசரம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மொபைல் நகரம், 2020 டிசம்பர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த நோயாளி ஒருவர், சரியாகப் பூட்டாத கதவு வழியே கருத்தரிப்பு மையத்தின் குளிர்பதன அறைக்குள் நுழைந்துவிட்டார். மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருந்த கருக்களில் சிலவற்றைக் கையில் எடுத்தார். அந்தக் குளிர் நெருப்பைப் போலக் கையைச் சுட்டது. போட்டுவிட்டார். தரையில் விழுந்து அழிந்தவை, பிள்ளைக்காகக் காத்திருந்த மூன்று தம்பதியரின் கருக்கள்.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். போனதில் தவறில்லை, கதவைப் பூட்டாதவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், அவர்கள் கையில் எடுத்த சட்டங்களுள் ஒன்று, பிறர் தவறால் மைனர் பிள்ளை இறந்தால் பெற்றோர் இழப்பீடு கேட்க வழிசெய்யும் 1872ஆம் ஆண்டுச் சட்டம். குளிர்பதனப் பெட்டியில் இருப்பதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான் என்று 2024 பிப்ரவரி 16 அன்று அலபாமா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி டாம் பார்க்கர் தனியே எழுதிய தீர்ப்புரையில் பைபிளையே சான்றாகக் காட்டினார். பிறவாக் குழந்தைகளின் உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்க 2018இல் ஏறத்தாழ 59 விழுக்காட்டு வாக்காளர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். அதுவும் தீர்ப்புக்குத் துணையாக நின்றது.

மறுவாரமே மாநிலத்தின் பெரிய கருத்தரிப்பு மையங்கள் சிகிச்சையை நிறுத்திவைத்தன. ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு நாள் குறித்திருந்த பெண்கள் பாதியில் நின்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. சட்டமன்றம் பதறியடித்துக்கொண்டு கூடியது. மார்ச் 6 அன்று ஆளுநர் கே ஐவி ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். கரு குழந்தையா இல்லையா என்பதை அச்சட்டம் தொடவே இல்லை. செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் கரு சேதமடைந்தாலும் அழிந்தாலும் மையத்தின்மீதும் மருத்துவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்று மட்டும் சொன்னது. தீர்ப்பு வந்து 19ஆம் நாள் வேலை முடிந்தது.

இந்த வேகம் அலபாமாவில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே 'மெத்' எனும் போதைப்பொருளைக் காய்ச்சுகிறவர்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்க 2006இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நல்ல நோக்கம். அதில் உள்ள 'குழந்தை' என்ற சொல்லுக்குள் வயிற்றில் இருப்பதும் அடங்கும் என்று அரசு வழக்கறிஞர்கள் வாதாட, 2013இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. போதைப்பழக்கத்தில் சிக்கிய கர்ப்பிணி அன்றிலிருந்து நோயாளி அல்ல, தன் பிள்ளைக்கே எதிரி. பிள்ளை இறந்துவிட்டால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. எட்டோவா மாவட்டத்தில், 10,000 டாலர் பிணைத்தொகை கட்டி, மறுவாழ்வு மையத்திலும் சேர்ந்தால்தான் விடுவோம் என்று கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற உடம்போடு இருந்தவர்களையும் சிறையில் வைத்திருந்தது 2022இல் வெளியே வந்தது. அதே மாவட்டத்தில் ஒரு பெண், "நான் கர்ப்பமாகவே இல்லை, சோதித்துப் பாருங்கள்" என்று மன்றாடியும் தன்னை அடைத்துவைத்தார்கள் என்று வழக்குப் போட்டார். கருவே இல்லாதபோதும் கருவின் உரிமை அவரை உள்ளே தள்ளியிருக்கிறது.

2018 டிசம்பரில் நடந்தது இதைவிடக் கொடுமை. பர்மிங்ஹாம் அருகே ஒரு சண்டை. ஐந்து மாதக் கர்ப்பிணியின் வயிற்றில் குண்டு பாய்ந்தது, கரு இறந்தது. சுட்டவர்மீது வழக்கு நிற்கவில்லை. சண்டையைத் தொடங்கியவர் என்று சொல்லி, குண்டடி பட்ட பெண்மீதே கொலையாகாத மரணத்தை விளைவித்ததாகக் குற்றம் சாட்டியது கிராண்ட் ஜூரி. நாடு முழுவதும் காறித் துப்பிய பிறகுதான் 2019 ஜூலையில் வழக்குக் கைவிடப்பட்டது.

பிறவாக் குழந்தைக்குச் சட்டத்தில் இடமே கூடாது என்பதல்ல நம் வாதம். இடம் எப்போதும் இருந்திருக்கிறது. தகப்பன் சாகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, பின்னர் உயிரோடு பிறந்தால் சொத்தில் பங்கு உண்டு என்பதை ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அறியும்; நம்முடைய 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கர்ப்பிணியைக் கொல்பவன் இரண்டு உயிருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதும் நியாயமே. 2004ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் ஏற்பாடு செய்தது. கூடவே, தன் கருவின் பொருட்டு எந்தப் பெண்மீதும் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர முடியாது என்று தெளிவாக எழுதியும் வைத்தது. தாயோடு சேர்த்துக் கருவைக் காப்பது வேறு. தாயிடமிருந்து கருவைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போலீஸை அனுப்புவது வேறு.

சில மாநிலங்கள் இரண்டாவது வழியில்தான் போகின்றன. ஜார்ஜியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவும் ஒரு ஆள். இதயத் துடிப்பு தெரிந்துவிட்டால் 3,000 டாலர் வருமான வரிச் சலுகைகூட உண்டு என்று 2022இல் அறிவித்தார்கள். (டெக்சஸ் இதில் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. இருவர் பயணித்தால் மட்டும் அனுமதி உள்ள தடத்தில் காரோட்டிய 34 வாரக் கர்ப்பிணி, "வயிற்றில் ஒருவர் இருக்கிறாரே" என்றதை டாலஸில் ஷெரிஃப் அதிகாரிகள் ஏற்காமல் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள்.) சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், அதே ஜார்ஜியாவில் 2025 பிப்ரவரியில், சுமார் ஒன்பது வாரக் கர்ப்பத்தோடு ஒரு செவிலியர் மூளைச்சாவு அடைந்தார். இந்தச் சட்டம் இருப்பதால் வென்டிலேட்டரை எடுக்க முடியாது என்று மருத்துவர்கள் கூறியதாக அவருடைய தாய் சொன்னார். முடிவை எங்களிடம் விட்டிருக்க வேண்டும் என்றார். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை என்றது மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். எழுதியவர்களுக்கு ஒரு பொருள், வார்டில் நிற்கும் மருத்துவருக்கு இன்னொரு பொருள். இதற்கிடையில் நான்கு மாதம் அந்த உடல் இயங்க வைக்கப்பட்டது. ஜூன் 13 அன்று அறுவைசிகிச்சையில் எடுத்த குழந்தையின் எடை ஒரு கிலோகூட இல்லை.

கருவின் நலனில் இத்தனை அக்கறை உள்ள நாட்டில், எல்லோருக்கும் பேறுகாலத்தில் சம்பளத்தோடு விடுப்புத் தரும் தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல்.

அலபாமா சட்டமன்றம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள அந்த விலக்கை 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சேர்த்து, போதைக்கு அடிமையான கர்ப்பிணிகளைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கருத்தரிப்பு மையங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குக் கர்ப்பிணிக்கு அதை எழுதத் தெரியாமல் போகாது.