பந்தைத் தொடாத ஹீரோ!

2023, ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி விறுவிறுப்பாக நடந்துகொண்டிருந்தது. எதிரணி வீரரை மடக்கிப் பிடித்தார், பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின். வயது 24. எழுந்து நின்றவர், சில நொடிகளில் அப்படியே மல்லாந்து விழுந்தார். அவரது இதயம் நின்றுவிட்டது!

உடனே ஓடி வந்தார் டென்னி கெல்லிங்டன். ஹாம்லினின் மார்பை விடாமல் அழுத்தி முதலுதவி செய்தார். மருத்துவக் குழுவினர் மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி துடிக்க வைத்தனர். ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டு மீண்டும் களத்திலும் இறங்கினார்!

கெல்லிங்டன் டாக்டரும் இல்லை, கோச்சும் இல்லை. அவர் ஓர் 'அத்லெட்டிக் டிரெய்னர்'. எப்படி விளையாடுவது என்று சொல்லித் தருபவர் கோச். காயம் வராமல் காப்பதும், வந்தால் முதலுதவி செய்வதும், குணமான பிறகே விளையாட விடுவதும் இவர் வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஒரு மருத்துவத் துறைப் பணியாக 1990-இல் ஏற்றது. இப்போது இதற்கு முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும்.

ஹாம்லினுக்கு நடந்தது என்ன? இதயம் துடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட கணத்தில் மார்பில் பலமாக அடிபட்டால், துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். இது மிக அபூர்வம். ஆனால், மார்புக்கூடு இன்னும் கெட்டிப்படாத பள்ளி வயதுப் பையன்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

சிக்கலே இங்கேதான் இருக்கிறது! கோடிகளில் புரளும் அணிகளுக்கு இவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இவர்கள் இல்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு சொன்னது. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாததே முக்கியக் காரணம்.

அதனால் 2023 மார்ச்சில் விளையாட்டு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து மூன்று கோரிக்கைகளை வைத்தன. பள்ளி மைதானங்களில் அவசரகாலத் திட்டம் வேண்டும்; மின் அதிர்ச்சிக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்; கோச்சுகளுக்கு இதய முதலுதவி தெரிந்திருக்க வேண்டும்.

டிரெய்னர் இல்லாத பள்ளியிலும் இந்த மூன்றும் உயிர் காக்கும். ஏனென்றால், இதயம் நின்றபின் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

உங்களோடு விளையாடும் நண்பன் திடீரென விழுந்து, கூப்பிட்டும் அசையாமல் கிடந்தால், வேடிக்கை பார்க்காதீர்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள்; ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடம் ஓர் உயிர்!