கற்றுக்கொள்ள வந்தவருக்குச் சம்பளம் எதற்கா?

சீனியர் வழக்கறிஞர்கள் பலர் கூச்சமின்றிக் கேட்கும் கேள்வி இது. காலையில் கேஸ் கட்டுகளைச் சுமந்து, கோர்ட்டில் வாய்தா வாங்கி, இரவுவரை மனு தயாரிக்கும் ஜூனியர்கள் பலருக்குக் கிடைப்பது பஸ் காசுதான்.

இப்படி மூன்று, நான்கு ஆண்டுகள் யாரால் தாக்குப்பிடிக்க முடியும்? சென்னையில் சொந்த வீடும் அப்பாவின் கட்சிக்காரர்களும் இருப்பவரால் முடியும். கூலிக் குடும்பத்தின் முதல் பட்டதாரியால் முடியாது. இடஒதுக்கீடு சட்டக் கல்லூரியோடு நின்றுவிடுகிறது. சீனியரின் ஆபீஸ் வாசலில் சாதியும் சொத்தும் காவல் நிற்கின்றன.

விளைவைப் பாருங்கள். 2018 முதல் 2022 வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 2.8 சதவீதம். ஒன்றிய அரசே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு இது. அந்த நீதிபதிகளில் பெரும்பகுதியினர் இதே ஆபீஸ்களில் ஜூனியராக இருந்து வந்தவர்கள்தான். பிறகு 'தகுதி' என்று யாருக்குப் பாடம் எடுக்கிறீர்கள்?

சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சுற்றறிக்கை சோறு போடாது. பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். கொடுக்காதவர்மீது நடவடிக்கை பாய வேண்டும்.

மேடைதோறும் சமூகநீதி பேசும் சீனியர் தோழர்களே, உங்கள் ஆபீஸிலிருந்து தொடங்குங்கள்.