எரிநட்சத்திரம் பார்க்க இருட்டு மட்டும் போதாது

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் பெர்சீட் எரிநட்சத்திரப் பொழிவு உச்சத்துக்கு வரும். மேற்கு நாடுகளில் அது கோடைக்காலம். நமக்கு ஆடிக் கடைசி. 2026இல் ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசையாகவும் அமைந்துவிட்டதால் நிலா வெளிச்சத் தொல்லை இல்லை. மேகம் மட்டும் விலகினால் போதும். நகரத்தில் இருக்கும் வானியல் ஆர்வலர்கள் இப்படிப்பட்ட இரவுகளுக்குக் கொடைக்கானல் மேல்மலையைத் தேடி வருகிறார்கள். மன்னவனூர், பூண்டி, கிளாவரை, போளூர் என்று அந்தப் பக்கம் போகப் போக இருட்டு நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம்.

மேல்மலையில் பூண்டுத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "இருட்டப் பாக்கவா காசு செலவழிச்சு வர்றாக? எங்க தெருவுக்கு வரச் சொல்லுங்க தம்பி, சும்மாவே காட்டுறேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் இருக்கும் அரசியலைத்தான் இங்கே பேச வேண்டும்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் சுமார் 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. கடைசியாக 1992இல் வந்து போனது. அது விட்டுச்சென்ற தூசித் தடத்தைப் பூமி ஒவ்வோர் ஆகஸ்டிலும் கடக்கிறது. மணல் அளவே இருக்கும் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றுமண்டலத்தில் நுழைந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து முடிகின்றன. மிக நல்ல வானத்தில் மணிக்கு நூறு வரை தெரியும் என்பார்கள். நமக்கு பெர்சியஸ் கூட்டம் வடக்கே தாழ்வாக நிற்பதால் அதைவிடக் குறைவுதான். நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை பார்க்க நல்ல நேரம்.

இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், படிப்பு வேண்டாம், டிக்கெட் வேண்டாம். மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். உலகத்திலேயே செலவில்லாத அறிவியல் இதுதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்று பொருள் தேவை: இருட்டு, படுக்க ஒரு வெட்டவெளி, விழித்திருக்க ஓய்வு. இந்த மூன்றும் இந்த நாட்டில் சாதி பார்த்துத்தான் பங்கிடப்பட்டிருக்கின்றன.

இருட்டை எடுத்துக்கொள்வோம். ஊர்த்தெருவில் விளக்கு எரிந்து, காலனியில் கம்பம் மட்டும் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை என்று களத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். வந்து போகிறவருக்கு இருட்டு ஓர் இரவு அனுபவம். அங்கேயே இருப்பவருக்கு அது பாம்புக்கடி, காட்டெருமை பயம், பெண் பிள்ளைகள் வெளியே போக முடியாத நிலை. வசதி கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இதே மேல்மலையில் வரலாறு உண்டு. அடிப்படை வசதிகள் இல்லாததால் 1998 தேர்தலைப் புறக்கணித்த குண்டுப்பட்டி தலித் மக்கள், இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட கூலித் தொழிலாளர்கள், காவல்துறையால் தாக்கப்பட்டார்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999இல் வெளியிட்ட அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது.

தெருவிளக்கு போட்டால் வானம் கெட்டுவிடுமே என்று சிலர் கவலைப்படலாம். வானத்தைக் கெடுப்பது காலனியின் ஒற்றை பல்பு அல்ல, மேல்நோக்கி அடிக்கும் விடுதி விளக்குகள். மூடி போட்டு, கீழே மட்டும் வெளிச்சம் விழும்படி, மஞ்சள் நிற விளக்கு வைத்தால் தெருவும் தெரியும், நட்சத்திரமும் தெரியும்.

அடுத்தது வெட்டவெளி. நகரத்திலிருந்து வந்தவர் நடுராத்திரி ஒரு மேட்டில் பாய் விரித்துப் படுத்தால் அவர் சுற்றுலாப் பயணி. நம் பையன்கள் நான்கு பேர் அதே மேட்டில் படுத்தால் "எந்தத் தெருடா?" என்ற கேள்வி வரும். அது யார் நிலம், இந்த நேரத்தில் என்ன வேலை என்று விசாரணை நடக்கும். நம் பெண் பிள்ளைகள் படுப்பதை நினைத்தே பார்க்க முடியாது. நிலமில்லாதவருக்கு வானமும் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது ஓய்வு. விடிய விடிய விழித்திருந்தவர் மறுநாள் தூங்கலாம். விடிந்ததும் கூலிக்குப் போக வேண்டியவர் எப்படி விழிப்பார்? இத்தனைக்கும் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்காமல் இரவுக் காவல் இருப்பவர்கள் இந்த எரிநட்சத்திரங்களை வருடா வருடம் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது காவல் வேலை, வந்தவர்கள் பார்ப்பது வானியல். ஒரே வானம்தான், பெயர்தான் வேறு.

கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதாக எழுதிவைத்துவிட்டு 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனார் ரோஹித் வெமுலா. நட்சத்திரங்களை நேசித்த பிள்ளை அவர். நம் தெருக்களில் அந்த ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கப்பட்டது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் தேவை எழுந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாக மடிந்தவர்களில் நிலமற்ற கூலிகளான நம் முன்னோர் ஏராளம். அந்த ஆய்வகத்தின் மேல் நமக்கும் உரிமை உண்டு.

இன்று அதை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். இதே நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில், 2022இல் அறிவிக்கப்பட்ட இருள் வான் காப்பகத்தில், உள்ளூர்க் கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறது. வருகிற பயணிகளுக்கு வானத்தைக் காட்டுவது அந்த ஊர் ஆண்களும் பெண்களும்தான். வருமானமும் அவர்களுக்கு.

ஹான்லேயில் முடிந்தது போளூரில் ஏன் முடியாது? மேல்மலைக் காலனிகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களையும் பெண்களையும் முதலில் பயிற்சிக்கு எடுக்க வேண்டும். பழங்குடி மக்களையும் சேர்க்க வேண்டும். ஊராட்சி மூடி போட்ட தெருவிளக்கைக் காலனியிலிருந்து தொடங்க வேண்டும். அரசுப் பள்ளி மைதானத்தை அந்த இரண்டு இரவுகள் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும்.

வானம் பார்க்க வரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. வரும்போது காலனிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உங்கள் பாயில் உட்கார வையுங்கள். யாராவது "எந்தத் தெரு" என்று கேட்டால், பதில் சொல்ல நீங்களும் எழுந்து நில்லுங்கள்.